பேர் விழாத நாட்கள்

தஹேஜ், குஜராத்
4.8.2024

அன்புள்ள மாலதி,

நான் நல்லா இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். மரியாதை முடிஞ்சது, விஷயத்துக்கு வர்றேன்.

முதல்ல, எனக்குப் போன் பண்றேன்னு அந்தப் பாறை மேல ஏறுறதை நிறுத்து. அஞ்சு மாசக் கர்ப்பிணி, டவர் தேடி யானை நிக்குற மேட்டுல ஏறுறது என்ன புத்தி? மாப்பிள்ளை போன் அவரோட தேயிலைக் கொழுந்து டிராக்டர்லயே சுத்துது. அடிச்சா "ஹலோ மச்சான், ஹலோ மச்சான்"னு ரெண்டு தடவை கத்திட்டு வெச்சிடுறார். இங்க பிளாண்ட் கேட்டுல என் போனை வாங்கி வெச்சிடுறாங்க. அதனால கடிதம். சிரிக்காதே. ஓவேலிக்கு இன்னும் தபால்காரர் வர்றார்தானே?

இப்ப கவனமாப் படி. பிரசவ லீவு சம்பளத்தோட இருபத்தாறு வாரம். ஆறு மாசம்னு வெச்சுக்கோ. அதுல எட்டு வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். "டெம்பரரிக்குக் கிடையாது"ன்னு ஆபிஸ்ல எவனாவது சொன்னா நம்பாதே, டெம்பரரிக்கும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: பிரசவத் தேதிக்கு முந்தின ஒரு வருஷத்துல எண்பது நாள் வேலை செஞ்சிருக்கணும். நீ மே மாசம்தான் சேர்ந்தே. அதனால செக்ரோல் ரிஜிஸ்டர்ல உனக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் விழுந்திருக்கு, அதாவது எத்தனை நாள் வேலை ஏறியிருக்குன்னு கேட்டு எழுது. குத்துமதிப்பாச் சொல்லாதே, எண்ணிக்கை வேணும்.

அம்மா நம்ம ரெண்டு பேரையும் நாப்பதாம் நாளே பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போச்சு. பால் கட்டி, ரவிக்கை நனைஞ்சு, அப்படியே கொழுந்து எடுத்ததா அதுவே சொல்லியிருக்கு. இப்ப உனக்குப் பார்த்துக்க அம்மாவும் இல்லை. உன் பிள்ளை ஆறு மாசம் உன் மடியிலதான் கிடக்கணும். அதுக்கு வழி இருக்கும்போது விடக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் உடனே.

தினகரன்


ஓவேலி
15.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு மாலதி எழுதிக்கொள்வது. இங்க நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? அந்த ஊர் தண்ணி உப்புன்னு சொன்னீங்களே, காய்ச்சிக் குடிங்க.

கடிதம் வந்ததும் லைன் வீட்டு ஜனமே கூடிருச்சுங்க அண்ணா. கோர்ட் நோட்டீஸ்னு நினைச்சுட்டாங்க. இசக்கியம்மாக்கா உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு, "ஏனுங்க மாலதி, உங்கண்ணன் தங்கச்சிக்கு எழுதியிருக்காரா, மேனேஜருக்கு எழுதியிருக்காரா"ன்னு கேட்டுச்சு.

ஆபிஸ்ல கேட்டேன். நாப்பத்தெட்டு பேர் விழுந்திருக்கு. ஆரம்பத்துல வாந்தியில நிறைய நாள் போக முடியலை. ஜூலையில மழைக்கு எஸ்டேட்டையே பதினோரு நாள் மூடிட்டாங்க. லே-ஆஃப்னு அரைச் சம்பளம் போட்டாங்க, ஆனா பேர் விழலை. இன்னிக்குக் கொடியேத்தி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாங்க. சம்பளத்தோட லீவு. இதுக்கும் பேர் கிடையாது. எண்பது பேர் இருந்தாத்தான் லீவுன்னு ஆபிஸ்லயும் சொன்னாங்க. உங்க கணக்கும் அவங்க கணக்கும் ஒண்ணா இருக்கு.

குழந்தை நல்லா உதைக்குது. டிராக்டர் சத்தம் கேட்டா நின்னுக்கும். அப்பாவுக்குப் பயம்னு இவர்கிட்டச் சொன்னேன், ரெண்டு நாளா சந்தோஷமா சுத்துறார். கால் மட்டும் கொஞ்சம் வீங்குது. நர்ஸம்மா உப்பைக் குறைக்கச் சொன்னாங்க.

உங்க அன்புத் தங்கை
மாலதி


தஹேஜ்
25.8.2024

அன்புள்ள மாலதி,

நலம். உன் நலம் படிச்சேன். கால் வீக்கம் எல்லாருக்கும் வர்றதுதான், படுக்கும்போது தலைகாணி மேல தூக்கி வை.

கணக்கு இதுதான். எண்பதுல நாப்பத்தெட்டு போனா முப்பத்திரண்டு. வாரத்துக்கு ஆறு பேர். செப்டம்பர் முடியுறதுக்குள்ள ஆயிடும். நவம்பர் கடைசியிலதான் பிரசவம். அக்டோபர் ஒண்ணாம் தேதி கூடையை மாட்டி வெச்சுட்டு ராணி மாதிரி உட்கார்ந்துக்கோ. அதுவரைக்கும் ஒரு நாள்கூட விடாதே. கல்யாணம், காது குத்து, வளைகாப்புன்னு யார் கூப்பிட்டாலும் போகாதே. உன் வளைகாப்பையே ஞாயித்துக்கிழமை வெச்சுக்கோ.

குழந்தைக்கு வெள்ளி அரணாக்கொடி வாங்கிட்டேன். கடைக்காரன் "பையனா பொண்ணா"ன்னு ஹிந்தியில கேட்டான். தெரியலைன்னேன். "அப்புறம் ஏன் இப்பவே"ன்னான். தாய்மாமன்னு சொன்னா அவனுக்குப் புரியலை. என் லீவையும் ஒண்ணுகூட எடுக்காம சேர்த்து வெச்சிருக்கேன். என் மடியில உட்கார வெச்சுத்தான் காது குத்தணும், சொல்லிட்டேன்.

தினகரன்


ஓவேலி
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சுகம். உங்க சுகத்துக்கு வேண்டிக்கிறேன்.

நேத்து விநாயகர் சதுர்த்தி. அதுவும் சம்பளத்தோட லீவுதான், பேர் இல்லை. மத்த நாள் எல்லாம் போய்க்கிட்டிருக்கேன், ரெண்டு நாள் மட்டும் முடியலை. தனசிங் கங்காணி பாவம், சரிவுல அனுப்பாம எனக்கு ரோட்டோர நிரையாவே கொடுக்குறார். இசக்கியம்மாக்கா யாரும் பார்க்காதப்ப அதோட கொழுந்தை என் சாக்குல ரெண்டு பிடி போட்டுட்டு, "இது உனக்கில்ல, உள்ள இருக்குறவனுக்கு"ன்னு சொல்லுது.

அண்ணா, ஒண்ணு கேக்கணும். ஒரு வாரமா தலை வலிக்குது. நிமிர்ந்தா கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு பூச்சி பறக்குது. நர்ஸம்மா பிரஷர் பார்த்துட்டு, கூடலூர் போய் டாக்டரைப் பாரு, வேலைக்குப் போகாம படுன்னு சொன்னாங்க. படுத்தா பேர் போயிருமே. நீங்க படிச்சவங்க, ஒரு வாரம் லீவு போட்டாப் பரவாயில்லையா? கணக்கு தப்பிருமா? நீங்க சொல்ற மாதிரி செய்யறேன்.

மாலதி


தஹேஜ்
15.9.2024

அன்புள்ள மாலதி,

நலம். இன்னிக்குத்தான் உன் கடிதம் வந்தது, இன்னிக்கே எழுதுறேன்.

ஒரு வாரம் விட்டா அக்டோபர்ல போய் முட்டும். அப்புறம் மழை, அப்புறம் எஸ்டேட் மூடல், அப்புறம் எண்பதே ஆகாது. எழுபத்தொன்பது ஆனாலும் பைசா கிடையாது, ஒரு நாள் லீவு கிடையாது. சட்டம் அப்படித்தான், அழுதா இறங்காது. இத்தனை தூரம் வந்துட்டு இப்ப விடாதே. இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் பல்லைக் கடிச்சுக்கோ.

வெயில்ல குனிஞ்சு நிமிர்ந்தா யாருக்கும் கண்ணுல பூச்சி பறக்கும். தண்ணி நிறையக் குடி. டாக்டரைக் கட்டாயம் பாரு. ஆனா ஞாயித்துக்கிழமை காட்டு.

கோவமா எழுதுறேன்னு நினைக்காதே. உன் ஆறு மாசத்துக்காகத்தான் சொல்றேன்.

தினகரன்


தஹேஜ்
5.10.2024

மாலதி,

உன் பதிலுக்குக் காத்திருக்கலை. இது கிடைச்ச நிமிஷம் வேலையை நிறுத்து. போயிருந்தா நாளைக்குப் போகாதே.

நான் ஒரு முட்டாள். என் கூட வேலை செய்யுற சில்வஸ்டர் அவர் மனைவியோட லீவு விஷயமா கேட்டார்னு சட்டத்தை முழுசா பிரிண்ட் எடுத்தேன். எண்பது நாள்னு இருக்குற இடத்துக்குக் கீழே விளக்கம்னு ஒரு பத்தி. லே-ஆஃப் விட்ட நாளும், சம்பளத்தோட விட்ட விடுமுறை நாளும் வேலை செஞ்ச நாளாவே கணக்கு. உனக்கு ஜூலை மழை நாள் பதினொண்ணு இருக்கு, சுதந்திர தினம் இருக்கு, சதுர்த்தி இருக்கு. செப்டம்பர் பாதிக்கு முன்னாடியே உனக்கு எண்பது முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் நீ போனதெல்லாம் வீண்.

மெஷின் மேனுவல்ல சின்ன எழுத்தைப் படிக்காம சுவிட்ச் போடுறவனைக் கெட்ட வார்த்தையில திட்டுறவன் நான். ஆனா லைன்ல பிறந்தவன்தானே. நம்ம அம்மா, அப்பா, கங்காணி, ஆபிஸ் எல்லாரும் பேர் விழுந்த நாளை மட்டும்தான் நாள்னு எண்ணினாங்க. எனக்கும் வேற மாதிரி எண்ணத் தோணலை.

சரி, போனது போச்சு. காகிதத்தை இதோட வெச்சிருக்கேன், அந்தப் பத்திக்குக் கோடு போட்டிருக்கேன். ஆபிஸ்ல காட்டு. நாலு நாளா மாப்பிள்ளைக்குப் போன் அடிக்கிறேன், ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறார். கோவமா என்ன? டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வரியாவது எழுது.

தினகரன்


ஓவேலி
24.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க நாங்க இருக்கோம். நீங்க நல்லா இருக்கணும்.

கடிதமும் காகிதமும் வந்துச்சு. நான் வீட்லதான் இருக்கேன், வேலைக்குப் போகலை. அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. இவருக்குக் கோவம் ஒண்ணும் இல்லை, போன் ரிப்பேர். பதில் போட நாளாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க.

இங்க மழை நிக்கலை. துணி காயுறதில்லை.

பக்கத்து லைன்ல ஒரு பொண்ணுக்காகக் கேக்குறேன். அவளுக்கு எட்டாம் மாசம் குழந்தை இறந்தே பிறந்துருச்சு. குழந்தை இல்லாததால லீவு இல்லைன்னு சிலர் சொல்றாங்க, ஆறு வாரம் உண்டுன்னு சிலர் சொல்றாங்க. அவளுக்குக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. சட்டத்துல அதுக்கு என்ன போட்டிருக்குன்னு பார்த்து எழுதுங்க. அவசரம் ஒண்ணும் இல்லை.

மாலதி


தஹேஜ்
3.11.2024

அன்புள்ள மாலதி,

நலம். நீ வீட்ல இருக்கேன்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தீபாவளிக்கு இங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. நான் லீவை மிச்சம் பிடிச்சுட்டு பிளாண்ட்ல நின்னேன்.

அந்தப் பொண்ணு விஷயம். ஆறு வாரம்ங்கிறது கரு கலைஞ்சா. இருபத்தாறு வாரத்துக்குள்ள நடந்தாத்தான் அது. எட்டாம் மாசம்னா கலைஞ்சதா ஆகாது, பிரசவம். முழு லீவும் உண்டு. யாராவது வாதம் பண்ணினா சட்டத்தோட தொடக்கத்தைப் பார்க்கச் சொல்லு. குழந்தைன்னா என்னன்னு அங்க அர்த்தம் போட்டிருக்காங்க. "குழந்தை என்பது இறந்து பிறந்த குழந்தையையும் உள்ளடக்கும்." அவ்வளவுதான். அதுவும் குழந்தைதான். இதுல பேச்சே இல்லை.

ஆனா நீ அந்தப் பொண்ணு பக்கத்துல அதிகம் உட்காராதே. கல் மனசுன்னு நினைச்சாலும் சரி. மாசம் நெருங்குது, இந்த நேரத்துல உனக்கு அந்தச் சோகம் ஆகாது.

உன் கடிதத்துல குழந்தையைப் பத்தி ஒரு வரிகூட இல்லை. உதைக்குதா? தலை திரும்பிருச்சா? தலைவலி என்னாச்சு? மழையைப் பத்தி எழுத இடம் இருக்கு, மாமனுக்கு நாலு வார்த்தை எழுத இடம் இல்லையா? அரணாக்கொடியை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பட்டுமா, நேர்ல கொண்டு வரட்டுமா?

தினகரன்


ஓவேலி
18.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்க உடம்பைப் பார்த்துக்கோங்க. பண்டிகையும் அதுவுமா வேலை செய்யாதீங்க.

நீங்க எழுதினதை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். குழந்தைன்னு போட்டிருக்குற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னா. இங்க எல்லாரும் "அது"ன்னுதான் சொல்றாங்க அண்ணா. "அது போனது போச்சு", "அதையே நினைக்காதே." ஒருத்தரும் குழந்தைன்னு சொல்றதில்லை. சட்டத்துல மட்டும்தான் சொல்லியிருக்காங்க.

அவளுக்கு லீவு கிடைச்சிருச்சு. ஏப்ரல்ல போனாப் போதுமாம். ஆனா அவளுக்கு அந்த லீவு வேண்டாமாம். காலையில சங்கு ஊதி எல்லாரும் மலைக்குப் போனதும் லைன் பூரா அமைதியாயிருது. பால் கட்டிக்கிட்டு வலிக்கும்போது சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கணும். பிள்ளைக்காம்பராவுல எதாவது அழுதா இங்க வரைக்கும் கேக்குது. லீவைத் திருப்பிக் கொடுத்துட்டு வேலைக்குப் போக சட்டத்துல இடம் இருக்கா?

அரணாக்கொடியை அனுப்ப வேண்டாம் அண்ணா.

மாலதி


தஹேஜ்
26.11.2024

மாப்பிள்ளை அஜய்க்கு,

நலம் கேக்குற நிலையில நான் இல்லை. போன் ரிப்பேர்னு மாலதி எழுதினா. ரிப்பேரான போன்ல ரெண்டு மாசமா ரிங் போகாது. மாலதியோட கடைசிக் கடிதத்தை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான் வருது. அது தப்புன்னு எழுதுங்க. தப்பில்லைன்னா நடந்ததை நடந்தபடி எழுதுங்க.

தினகரன்


ஓவேலி
3.12.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு அஜய் வணக்கம். மாலதி உடம்பு இப்போ பரவாயில்லை. அதை முதல்ல சொல்லிடுறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பிருந்தா மன்னிக்கவும்.

உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. அதனாலதான் போனை எடுக்கலை. எடுத்தா அழுதுருவேன்.

செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை. அன்னிக்குத்தான் அவளுக்கு எண்பதாவது பேர். மறுநாள் ஞாயித்துக்கிழமை கூடலூர் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். மத்தியானம் எடை போடுற இடத்துல சாக்கை இறக்கிட்டு, "எங்கண்ணன் கணக்கு முடிஞ்சுதுங்கக்கா"ன்னு இசக்கியம்மாக்காகிட்டச் சிரிச்சிருக்கா. அப்படியே சாய்ஞ்சுட்டா. வலிப்பு. நான் டிராக்டரோட அங்கதான் நின்னேன். ஏத்தின கொழுந்து மேலயே அவளைப் படுக்க வெச்சு, கங்காணியும் அக்காவும் பிடிச்சுக்க, ரோடு வரைக்கும் ஓட்டினேன். அங்கிருந்து ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில எல்லாம் செஞ்சாங்க. அவளைக் காப்பாத்திட்டாங்க. குழந்தை முன்னாடியே போயிருச்சு.

பொண்ணு. தலை நிறைய முடி. மாலதிக்கு நினைவு வர ரெண்டு நாளாச்சு, அதனால அவ பார்க்கலை. நான்தான் தூக்கிட்டு வந்து, ஓடைக்கு மேல சில்வர் ஓக் மரத்தடியில வெச்சேன்.

உங்களோட அந்தக் காகிதம் வந்த அன்னிக்கு அவளுக்கு நான்தான் படிச்சேன். முழுசும் கேட்டுட்டு, "இது அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்காது, அவர் ஒரே ஆளா அங்க கிடக்குறார்"னு சொன்னா. உங்க மேல அவளுக்குக் கோவம் இல்லை மச்சான். எனக்கு இருந்துச்சு. இப்ப எனக்கும் தெரியலை.

இப்படிக்கு
அஜய்


தஹேஜ்
11.12.2024

மாலதி கண்ணு,

மாப்பிள்ளை எழுதினார். அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்.

ஒரு வாரம் லீவு போடட்டுமான்னு நீ கேட்டே. நான் வேண்டாம்னேன். என் தப்பு இல்லைன்னு சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். என்கூடப் பேசாம இருக்கணும்னா இரு. நான் வந்து வாசல்ல உட்கார்ந்திருக்கேன்.

லீவைத் திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேட்டிருந்தே. இந்த ஒண்ணுக்கு நான் சட்டத்தைப் பார்க்கலை. பார்க்கப் போறதும் இல்லை. மலைக்குப் போனா மனசு ஆறும்னா டாக்டரைக் கேட்டுட்டுப் போ. இருக்கணும்னா இரு. யார் கணக்கையும் கேக்காதே, என் கணக்கையும்தான்.

இன்னிக்கு ஆபிஸ்ல லீவு கேட்டேன். துக்க லீவு அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைக்கு மட்டும்தானாம். தங்கச்சி குழந்தை அதுல வராதாம். சேர்த்து வெச்ச லீவை எடுத்துக்கிறேன்னு சொன்னேன். "பிறக்கும்போதே இறந்த குழந்தைதானே, அதுக்கு இத்தனை நாளா"ன்னு அதிகாரி கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை, தெரியாம கேட்டார். அதுவும் குழந்தைதான்னு சட்டத்துல இருக்கு சார்னு சொல்ல ஆரம்பிச்சேன். உனக்கு ஒரே மூச்சுல எழுதினேனே, அந்த வரி. பாதிக்கு மேல வரலை. அவர் எழுந்து வந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அரணாக்கொடியைக் கொண்டு வர்றேன். மருமகளுக்கு மாமன் வாங்கினது, வேற யாருக்கும் ஆகாது. அந்த மரத்தடிக்கு என்னை நீதான் கூட்டிட்டுப் போகணும். நீ வர்றப்பத்தான் நானும் போவேன், அவசரம் இல்லை. நான் நிறைய நாள் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை ரயில். கோயமுத்தூர்ல இறங்கி, பஸ் பிடிச்சு வர்றேன். இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

தலைவலி இன்னும் இருந்தா மாப்பிள்ளைகிட்ட உடனே சொல்லு. எந்தக் கிழமையா இருந்தாலும் சொல்லு.

உன் அண்ணன்
தினகரன்